பியூஸ் இருந்தால் போதுமா?

நம் திண்ணனூர் நாட்டுத் தோட்டங்களிலும் செல்போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. நல்லதுதான், இருட்டில் நடக்க வேண்டாம். ஆனால் நான் பார்த்த பல பெட்டிகளில் எர்த் இல்லை. கேட்டால், "அதான் பியூஸ் இருக்கே சார்!" என்கிறார்கள்.

வகுப்பில் சொன்னதைத்தான் மறுபடி சொல்கிறேன். பியூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 10 ஆம்பியருக்கு மேல் போனால்தான் உருகும் கம்பிக்கு, உடம்பில் பாயும் 100 மில்லியாம்பியர் தெரியவே தெரியாது. நெஞ்சை நிறுத்த அது போதும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். பாறை மண், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதனால் எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. மகன் நாமக்கல்லில் இருந்து பட்டனை அமுக்குவான்; அப்பா இங்கே போர் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆட்டோவில் விட்டிருந்தால் யாரும் அமுக்கவே வேண்டாம், கரண்ட் வந்ததும் தானே கிளம்பும். மெயினை இறக்கி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

பெட்டி மாட்ட வருகிறவர் சிம் போட்டு, ரிங் போகிறதா என்று பார்த்ததும் கூலிக்குக் கை நீட்டுகிறார். பிரிவென்டர் மக்கர் செய்தால் "டைரக்ட் பண்ணிடலாம்" என்பவரும் அவரே. எர்த் கம்பி எந்தக் குழிக்குப் போகிறது என்று காட்டட்டும், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை நம் கண் முன்னால் அமுக்கட்டும். கூலி அதற்கப்புறம்.