கீரைக்காக மரத்தை வெட்டாதீர்கள்

போன ஆடியில் எங்கள் வீட்டு மாமரத்தை வெட்ட ஆள் பேசி, 500 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். காரணம் கீரை.

திருச்சியில் 1989-ல் நாங்கள் வீடு கட்டியபோது அம்மா நட்ட மரம் அது. அதற்குக் கிழக்கே கொல்லையில் கீரைப்பாத்தி. ஓய்வு பெற்ற பிறகு பாதிப் பொழுது எனக்கு அங்கேதான். மூன்று வருடம் முன்பு கிழக்குப்பக்க மனையில் நான்கு மாடிக் கட்டடம் எழும்பியது. காலை வெயிலைக் கட்டடம் மறைக்க, பிற்பகல் வெயிலை மரம் மறைத்தது. உச்சி வேளையில் மூன்று மணி நேரம் வெயில் விழுந்தால் அதிகம். முளைக்கீரை நூல் மாதிரி நீண்டு சாய்ந்தது. கட்டடத்தை ஒன்றும் செய்ய முடியாது, மரத்தையாவது வெட்டுவோம் என்று நினைத்தேன்.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "இருபது ரூபாய் கீரைக்கட்டுக்கா மரத்தை வெட்டறீங்க? அது அடியிலேயே மணத்தக்காளி தானா வந்து நிக்குதே, பாத்தீங்களா?"

போய்ப் பார்த்தேன். பறவை போட்ட விதை போலிருக்கிறது. இடுப்பு உயரத்துக்குத் தழைத்து நின்றது. வெட்ட வேண்டாம் என்று அன்றே சொல்லி அனுப்பினேன்.

நம்மில் பலர் கீரை என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரைக்கு நல்ல வெயில் வேண்டும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கொடிப்பசலை, புதினா ஆகியவை அரை நிழலில் நன்றாகவே வரும். விதைகூடத் தேவையில்லை. சந்தையில் வாங்கிய பொன்னாங்கண்ணி, புதினா, பசலைத் தண்டுகளில் முற்றியதாகப் பார்த்து ஊன்றினால் வேர் பிடிக்கும். வல்லாரை ஒரு கணு வேரோடு கிடைத்தால் போதும், படர்ந்துவிடும்.

நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழைய வழக்கப்படி தினமும் தண்ணீர் ஊற்றினேன். பசலை அழுகிவிட்டது. நிழலில் மண் சீக்கிரம் காயாது. இப்போது மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். செடிகளையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் நத்தை வரும். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்கிவிட வேண்டும், வேறு வழியில்லை.

வெயில் பாத்தி அளவுக்கு விளைச்சல் கிடைக்காது, உண்மைதான். நாள் முழுக்க இருட்டாகவே கிடக்கும் மூலையில் எதுவும் வராது என்பதும் உண்மை. ஆனால் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் கீரை போதாதா? சித்திரை வெயிலில் தெருவே வாடிக் கிடந்தபோது எங்கள் வல்லாரை வாடவில்லை. மேலே மாங்காயும் காய்த்திருந்தது.

முன்பணம் திரும்பி வரவில்லை, போகட்டும். உங்கள் வீட்டிலும் மரத்தால் கீரை வரவில்லை என்று தோன்றினால், ஆள் பேசுவதற்கு முன் ஒரு நாள் காலை முதல் மாலை வரை பாத்தியில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் விழுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே!