பதினொரு குஞ்சும் சேவலானது தலையெழுத்து இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வளவில் கோழி வளர்க்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

பெரியகல்லாற்றில் நான் படிப்பித்த ஒரு பிள்ளையின் தாய். கணவர் இல்லை. மோட்டார் சைக்கிளில் கூடை கட்டி வந்த ஒருவரிடம் 12 குஞ்சு வாங்கியிருக்கிறார். "எல்லாம் முட்டைக் கோழிதான் அக்கா, ஐந்து மாதத்தில் முட்டை எடுக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். ஒன்றைப் பருந்து தூக்கிவிட்டது. மிச்சம் 11. போன கிழமை அந்த வளவுக்குப் போனேன். 11ம் சேவல்.

"என்ன சேர் செய்யிற, என்ட தலையெழுத்து" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலையெழுத்து இல்லை அக்கா, இது கணக்கு. அடையில் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல், பாதி பேடு. பிரிக்காமல் அள்ளிய 11 குஞ்சும் சேவலாக இருக்க 2048 இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அப்படியென்றால் அந்தக் கூடை உங்கள் வளவுக்கு வருமுன்பே யாரோ பேடுகளைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

ஏன் பிரிக்கிறார்கள்? முட்டை இனச் சேவல் முட்டையும் இடாது, புரொயிலர் போல இறைச்சியும் வைக்காது. அதனால் பொரிப்பகங்கள் முதல் நாளே அதைக் கழிக்கின்றன. உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 700 கோடி சேவல் குஞ்சுகள் இப்படிக் கொல்லப்படுவதாகக் கணக்கிடுகிறார்கள். ஜேர்மனி 2022 இல் இதைத் தடை செய்தது, பிரான்ஸும் பின்னால் வந்தது. கழித்த குஞ்சைக் கொல்லாமல் விற்பதில் பிழையில்லை. சேவலைப் பேடு என்று சொல்லி விற்பதுதான் பிழை.

"ஒரு நாள் குஞ்சில் யாருக்குத் தெரியும் சேர்?" என்று கேட்பீர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். குஞ்சின் எச்சத்துவாரத்தை விரித்துப் பார்த்துப் பிரிக்கும் முறையை 1920களில் ஜப்பானியர் கண்டுபிடித்து உலகத்துக்கே கற்றுக் கொடுத்தார்கள். நன்றாகப் பழகியவர் மணிக்கு ஆயிரம் குஞ்சளவில் பார்ப்பார், நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தவறும். சில கலப்பினங்களில் முதல் ஓரிரு நாளில் சிறகைப் பார்த்தாலே போதும். பேட்டுக்கு இறக்கை நுனி இறகு நீளமாகவும், சேவலுக்கு மேலிறகும் கீழிறகும் ஒரே அளவாகவும் இருக்கும். கபில நிற முட்டைக் கோழி இனங்களில் இன்னும் சுலபம்: பேடு கபிலம், சேவல் வெளிர் மஞ்சள்.

இப்போது யோசியுங்கள். குஞ்சுக்கு ஏன் பச்சையும் ரோஸும் சாயம் பூசுகிறார்கள்? பிள்ளைகளுக்கு வடிவாகத் தெரியத்தான், சரி. ஆனால் அதே சாயத்துக்குள் மஞ்சளா கபிலமா என்ற அடையாளமும் மறைந்துவிடுகிறது.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பேடு என்கிறோம். 2300 வருடத்துக்கு முன் அரிஸ்டோட்டில் இதற்கு நேர்மாறாக எழுதி வைத்தார். இரண்டும் பொய். நூலில் மோதிரத்தைக் கட்டி ஆட்டிப் பார்ப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பதும் அப்படித்தான். நாமே இப்படி நம்பிக்கொண்டிருந்தால், கூடைக்காரர் குஞ்சைத் தூக்கிப் பார்த்து "பேடு" என்றதும் நம்பத்தானே செய்வோம்?

"பாவம், அவரும் பிழைக்க வேணும்" என்று சிலர் சொல்கிறார்கள். பிழைக்கட்டும். "சேவல் குஞ்சு, கறிக்கு ஆகும்" என்று சொல்லி அந்த விலைக்கு விற்கட்டும், நானே வாங்குகிறேன். பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது எங்கள் மார்க்கத்தில் ஹராம். வேறு எந்தச் சமயமும் அதை ஆகுமென்று சொல்லவில்லை. "சேவலும் காசுதானே" என்கிறவர்கள் தீன் விற்கும் விலையையும் பாருங்கள். 2023 இல் நாடே இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியதை மறந்துவிட்டோமா? அந்தத் தாய் ஐந்து மாதம் தீன் போட்டது முட்டை விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்க.

அவர் எந்த ஊர், எந்த ஆள் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். ஏமாற்றுக்கு ஊருமில்லை, சமயமுமில்லை. அந்தக் கதையைக் கிளப்பினால் குஞ்சு மறந்துபோகும், சண்டை மட்டும் மிஞ்சும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாள் குஞ்சைப் பேட்டு விலைக்கு வாங்காதீர்கள். ஒன்றரை மாதமானதை வாங்குங்கள். அப்போது சேவலின் பூ பெருத்துச் சிவந்திருக்கும், காலும் தடித்திருக்கும். மூன்று மாதத்தில் சேவலின் கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் இறகு கூராக இறங்கும், பேட்டுக்கு வட்டமாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். நாட்டுக்கோழி முட்டையை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு. பாதி சேவல்தான், ஆனால் அதை உங்களுக்கு யாரும் பொய் சொல்லி விற்கவில்லை.

கடைசியாக ஆசிரியர்களுக்கு, என்னையும் சேர்த்து. உயர்தர வகுப்பில் கரும்பலகை நிறைய நிறமூர்த்தம் கீறுகிறோம். கோழியில் குஞ்சு சேவலா பேடா என்பதைத் தீர்மானிப்பது தாய், மனிதரில் தந்தை. இதை நாம் ஊருக்குள் சொல்லியிருந்தால் அந்தத் தாய் சேவல் குஞ்சுக்கு ஏமாந்திருக்க மாட்டார். மூன்றும் பெண் பிள்ளை என்று மருமகளைத் திட்டுகிற வாய்களும் மூடியிருக்கும்.

குஞ்சு வாங்கப் போகும் ஒருவருக்காவது இதை வாசித்துக் காட்டுங்கள்.