எல்லாப் பாம்பும் புடையன் அல்ல



1990 இல் இடம்பெயர்ந்து, 2009 இல் யுத்தம் முடிந்தபின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளுக்குத் திரும்பிய பெண்களைச் சந்திக்கும்போது, வீட்டுத்திட்டத்துக்கு அடுத்ததாக அவர்கள் என்னிடம் கேட்பது பாம்பைப் பற்றித்தான். வளவில் பற்றை வெட்டுவதும் அவர்களே, இரவில் பிள்ளைகளுக்குக் காவலும் அவர்களே. பயம் நியாயமானது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மாரி மழையோடு தவளை பெருகும்போது வயல் வரம்பிலும் குளக்கரையிலும் கிணற்றடிப் புல்லிலும் ஒரு சிறு பாம்பைக் காண்கிறோம். ஒல்லியான உடல். முதுகின் இருபுறமும் தலைப்பக்கமிருந்து வால்வரை நீளவாட்டில் மஞ்சள் கோடுகள். முன்பகுதியில் கறுப்புக் குறுக்குப் பட்டிகளும் இருக்கும். பகலில்தான் இரை தேடும். தவளையே அதன் உணவு. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கும். நாகமென்று பயந்து அடித்துவிடுகிறோம். இதனால் மனிதருக்கு ஆபத்தில்லை.

புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் வேறு. தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் சங்கிலிபோலக் கரும்பழுப்பு வட்டங்கள். பலமாகச் சீறும். கட்டுவிரியன் பளபளப்பான கறுப்பு; குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். இரவில் நடமாடும். நிலத்தில் படுத்திருப்பவரைக் கடித்தாலும் வலி தெரியாமல் போகலாம். ஆகவே கட்டிலில், இல்லையேல் நுளம்பு வலையை நன்றாகப் பாயின் கீழ் செருகிப் படுங்கள். இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். விறகையும் ஓலையையும் சுவரோடு அடுக்க வேண்டாம்.

அடையாளம் தெரிந்தாலும் எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். கடித்தால், எந்தப் பாம்பென்று தேடி நேரத்தைப் போக்காமல் விஷப்பாம்பு என்றே எண்ணுங்கள். இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். "பிள்ளைகளை ஆரிட்ட விட்டிட்டுப் போறது?" என்று தயங்கி விடியும்வரை காத்திருக்கும் தாய்மாரை நான் அறிவேன். நடு இரவில் உங்கள் பிள்ளைகளைப் பொறுப்பேற்கப் பக்கத்து வீட்டு அக்காவோடு இப்போதே பேசி வையுங்கள். அவரின் பிள்ளைகளுக்கு நீங்கள்.