மலையடிவாரத்து மாணவருக்கு ஒரு கல்வி

ரம்புக்கனையை விட்டுக் கண்டி நோக்கிப் புறப்படும் புகைவண்டி, கடுகண்ணாவை வரை பாறைகளைக் குடைந்தும் சரிவுகளைத் தழுவியும் மலையேறுகின்றது. 1867ஆம் ஆண்டு முதல் நம்மவர் பயணஞ் செய்யும் பாதை இது. இக்கணவாயின் பெயரால் ‘கடுகண்ணாவைத் தொகுதி’ என ஒரு பாறைத் தொகுதியை அறிஞர்கள் வகுத்திருக்கின்றனர். அப்பாறைகளின் அருகே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டையன்றி வேறு விஞ்ஞானக் கல்வி உண்டென்பதை நம் பெற்றோர் பலர் எண்ணுவதில்லை. ஆதலின் இவ்வாரம் புவிச்சரிதவியலைப் பற்றிச் சில சொல்வோம்.

இத்துறை தமிழருக்குப் புதியதன்று. கலைமேதை என உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலண்டனிற் கற்றுத் திரும்பி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கினார். தோரியனைற் என்னும் கனியம் 1904இல் உலகுக்குத் தெரிய வந்தது அவர் முயற்சியாலேயே. அது கிடைத்ததும் நமது சப்பிரகமுவ மண்ணிலேதான்.

கற்கும் வழி யாது? அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டு குறைந்த செலவிற் கற்று, பின்பு பல்கலைக்கழகம் சேர்வோர் உளர். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையே தலைவாயில். விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியடைந்து பேராதனைப் பல்கலைக்கழகம் புகுவோர் புவிச்சரிதவியல் பயிலலாம். ரம்புக்கனையாருக்கு அதே புகைவண்டிப் பாதையில் உள்ள ஊர் அது. கணிதப் பிரிவினர்க்கு மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் உண்டு. பல்கலைக்கழகம் புகாதாரும் மனந்தளர வேண்டா. இரத்தினக்கற்களை இனங்காணவும் பட்டை தீட்டவும் பயிற்சியளிக்கும் அரச நிறுவனம் இருக்கின்றது. இரத்தினபுரி மாவட்டத்தார்க்கு அது கைகண்ட தொழில்.

வேலைவாய்ப்போ எனின், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், நீர்வழங்கல் சபை, கேகாலை மாவட்டத்துப் போகலைக் காரீயச் சுரங்கம் போன்றவற்றில் இக்கல்விக்கு இடமுண்டு. அணை கட்டுவோர்க்கும் இவ்வறிவு வேண்டும். 1992இல் நிறைவுற்ற சமனலவெவ நீர்த்தேக்கத்தின் வலக்கரையில் நீர் கசிந்தது, அங்குள்ள சுண்ணக்கற் குகைகளின் காரணமாகவே. ஆயினும் உண்மையை மறைத்தலாகாது: பதவிகள் சிலவே, போட்டி மிகுதி, வெயிலிலும் மழையிலும் மலையேறும் உழைப்பும், பல்கலைக்கழகப் பாடங்களுக்கு ஆங்கில அறிவும் வேண்டும்.

எனினும் ஊதியத்தினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2016 மே 17இல் நமது அரநாயக்கையில் மலை சரிந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியத் தோட்டக் குடியிருப்பும் புதையுண்டது. நிலத்தில் விழும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனப் பெருகும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவை மலை நமக்கு முன்கூட்டிச் சொல்லும் செய்திகள். அவற்றை ஆராய்ந்து எச்சரிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிக்கும் இக்கல்வியே அடிப்படை. தோட்டத்தின் மொழியும் வழக்கமும் அறிந்த ஒருவர் அச்செய்தியை எடுத்துரைத்தால், லயத்து மக்கள் அஞ்சாது கேட்பர், காலந்தாழ்த்தாது வெளியேறுவர்.

பெற்றோரே! சாதாரணதரப் பெறுபேறு வந்த அன்றே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் பாடசாலையைத் தேடுங்கள். ஊரில் இல்லையெனின், அடுத்த ஊருக்கேனும் அனுப்பத் துணியுங்கள். பெண்பிள்ளைகளையும் தடுக்காதீர்கள். நம் முன்னோர் இம்மலைகளைக் கொத்திப் பிறர்க்குச் செல்வம் ஈட்டிக் கொடுத்தனர். அவற்றைக் கற்று நம்மவர் உயிரைக் காப்பது நம் மக்களின் கடமையாகட்டும்.