காபி விலை ஏறியது, நின்றவர் நின்றபடியே!

சென்னை:

"என்னது, காபி 20 ரூபாயா? நேத்து வரைக்கும் 15 ரூபாதானே?"

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னையில் சின்னக் காபி கடைகளின் முன்பு எழுந்த பேச்சு இது. அந்த மாதம் 1-ந் தேதி முதல் நகரின் டீக்கடைகளில் காபி 15 ரூபாயில் இருந்து 20 ரூபாயாக உயர்ந்தது. டீ 12 ரூபாயில் இருந்து 15 ரூபாய் ஆனது. கடை உரிமையாளர்கள் சங்கம் அறிவித்த விலை அது.

கேள்வி சரிதான். ஆனால் அதை யாரிடம் கேட்டார்கள்? சங்கத்தைத் தேடிப் போய்க் கேட்க முடியாது. முதலாளி கல்லாவில் இருந்தால் அவரிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் டம்ளரை நீட்டிய தொழிலாளிதான் அகப்படுவார். விலையை ஏற்றியவர் அவர் அல்ல. ஏறிய 5 ரூபாயில் அவர் கைக்கு எவ்வளவு போனது? இந்தக் கேள்விதான் கல்லா முன்பு எழவே இல்லை.

ஏன் ஏறியது?

காபித்தூள் விலை ஏறிய காரணம் சென்னையில் இல்லை. உலகத்தில் அதிகமாகக் காபி விளைவது பிரேசில் நாட்டில். அடுத்தது வியட்நாம். இரண்டு நாடுகளிலும் 2024-ம் ஆண்டு வறட்சி தாக்கியது. விளைச்சல் குறையும் என்ற பயம் பரவியது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நியூயார்க் சந்தையில் 'அராபிக்கா' காபிக்கொட்டையின் விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முன்பு அப்படி ஒரு விலை வந்தது இல்லை.

சிக்மகளூரிலும் குடகிலும் விளைகிற காபிக்கும் நியூயார்க்குக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே நல்ல விலை கிடைக்கும்போது, தோட்டக்காரர் இங்கே மட்டும் மலிவாகக் கொடுப்பாரா? மாட்டார்.

தூள் விலை ஏறினால் சிக்கரியைக் கூட்டும் ஆசையும் ஏறும். அதற்கும் சட்டம் எல்லை போட்டு இருக்கிறது. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு கலந்து இருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும். ஆனால் பாக்கெட்டைப் பார்ப்பவர் கடைக்காரர். டம்ளரைப் பார்ப்பவர் வாடிக்கையாளர். "காபி வரவரக் கசக்குது" என்ற திட்டு மட்டும் மாஸ்டருக்கு!

விடியற்காலை 4 மணி

சின்னக் கடையில் நாள் எப்படிப் போகிறது?

நகரம் தூங்கிக்கொண்டு இருக்கும்போதே கடையின் ஷட்டர் பாதி மேலே ஏறும். பாய்லர் சூடாகும். பித்தளை பில்டரில் தூளைப் போட்டுப் பக்குவமாக அழுத்த வேண்டும். அதிகம் அழுத்தினால் டிகாக்‌ஷன் இறங்காது. அழுத்தாமல் விட்டால் தண்ணீராக ஓடிவிடும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பால் வண்டி வந்துவிடும்.

5 மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள். 6 மணிக்கு ஆட்டோ டிரைவர்கள், பூ மார்க்கெட் ஆட்கள். 8 மணிக்கு ஆபீஸ் கூட்டம். 11 மணிக்குப் பக்கத்துக் கடைகளுக்குப் பார்சல். மாலை 4 மணிக்கு மீண்டும் கூட்டம். ராத்திரி 10 மணிக்குப் பாத்திரம் கழுவி, தரை துடைத்தால்தான் ஷட்டர் இறங்கும்.

கடைக்கு இது ஒரு நாள். ஆள் மாற்ற வசதி இல்லாத கடையில் மாஸ்டருக்கும் இதுவே ஒரு நாள்!

தலைக்குள் இருக்கும் நோட்டு

நல்ல மாஸ்டர் வெறும் காபி போடுபவர் அல்ல. அவர் தலைக்குள் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. பேங்க் சாருக்கு ஸ்ட்ராங், சர்க்கரை இல்லை. மருந்துக்கடை அண்ணனுக்கு லைட், அரைச் சர்க்கரை. காலேஜ் வாத்தியாருக்குப் பால் தூக்கலாக. தெருமுனையில் ஆள் தலை தெரியும்போதே டம்ளரில் டிகாக்‌ஷன் விழுந்துவிடும். வாய் திறந்து கேட்கவே வேண்டாம்.

பெரிய கம்பெனிகள் 'கஸ்டமர் சர்வீஸ்' என்று பயிற்சி வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சின்னக் கடையில் அது வகுப்பு இல்லாமலே நடக்கிறது.

கடையின் உண்மையான முதலும் இதுதான். பாய்லரை விலைக்கு வாங்கலாம். இந்த ஞாபகத்தை வாங்க முடியாது. மாஸ்டர் வேலையை விட்டுப் போனால் நோட்டும் கூடவே போகிறது. புது ஆள் வந்து முகம் பழகுவதற்குள் பாதி வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும்.

இப்போது பல கடைகளில் டம்ளர் நீட்டுபவர்கள் பீகார், ஒடிசா, அசாம் போன்ற மாநிலங்களில் இருந்து வந்தவர்கள். அவர்கள் முதலில் கற்கும் தமிழ் "சர்க்கரை கம்மியா?" என்பதுதான். ஊரை விட்டு ஊர் வந்து, பாஷை படித்து, முகம் பழகிய பிறகு அவர்களும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஏன்?

5 ரூபாய் எங்கே?

ஒரு கடையில் நாளைக்கு 400 காபி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காபிக்கு 5 ரூபாய் கூடினால் கூடுதல் வரவு நாளைக்கு 2 ஆயிரம் ரூபாய். தூள்காரர், பால்காரர், கியாஸ் ஏஜென்சி, கட்டிடச் சொந்தக்காரர் ஆகிய 4 பேரும் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். கூலி கடைசியில் நிற்கிறது. முன்னால் நிற்பவர்களுக்குக் கடன் சொல்ல முடியாது. கடைசியில் நிற்பவரிடம் "அடுத்த மாசம் பார்க்கலாம்ப்பா" என்று சொல்லிவிடலாம். சொல்லியும் விடுகிறார்கள்.

அதற்கு முன்பு மேஜையில் விட்டுச்செல்லும் சில்லறை கொஞ்சம் கைகொடுத்தது. இப்போது வாடிக்கையாளர் செல்போனை நீட்டி 20 ரூபாயை அப்படியே அனுப்புகிறார். கல்லாப் பக்கம் இருக்கும் பெட்டி "20 ரூபாய் வந்தது" என்று சத்தமாகச் சொல்கிறது. பணம் முதலாளி கணக்குக்குப் போகிறது. டம்ளருக்குப் பக்கத்தில் சில்லறை விழுவது இல்லை.

சின்னக் கடை முதலாளியையும் வில்லன் ஆக்க முடியாது. அவரும் காலை முதல் கல்லாவில் கிடப்பவர்தான். மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால் பாய்லர் பக்கம் போய் நிற்பவரும் அவர்தான்.

ஆனால் சின்னக் கடை என்பதால் தொழிலாளிக்குத்தான் இழப்பு அதிகம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான் பி.எப். கட்டாயம். இ.எஸ்.ஐ. மருத்துவ வசதிக்கு 10 பேராவது வேண்டும். 4 பேர் வேலை பார்க்கும் காபி கடை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. கொதிக்கிற பால் கையில் கொட்டினால், ஆஸ்பத்திரிச் செலவு முதலாளியின் மனசைப் பொறுத்தது!

உட்கார உரிமை

2021-ம் ஆண்டு தமிழக சட்டசபை ஒரு நல்ல காரியம் செய்தது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் ஆக்கியது. நாள் முழுவதும் கால்கடுக்க நிற்கும் ஜவுளிக்கடை, நகைக்கடைத் தொழிலாளர்களுக்கு அது பெரிய விடிவு. கேரளா 2018-ம் ஆண்டிலேயே இதைச் செய்தது.

ஓட்டல்களுக்கு என்று 1958-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. எந்தச் சட்டம் எந்தக் கடைக்கு என்று வக்கீல்கள் வாதாடலாம். கால் வலிக்குச் சட்டப் பிரிவு தெரியாது! ஜவுளிக்கடைக்கு நியாயமானது காபி கடைக்கும் நியாயம்தான்.

"பாய்லர் வைக்கவே இடம் இல்லை, நாற்காலிக்கு எங்கே போவது?" என்று கடைக்காரர் கேட்பார். நாற்காலி வேண்டாம். ஒரு முக்காலி போதும். காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே கூட்டம் குறையும் நேரத்தில் அரை மணி உட்கார்ந்தால் போதும், மாலைக் கூட்டத்துக்கு முகம் சிடுசிடுக்காது.

வாடிக்கையாளர் கோபம்

வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 20 ரூபாய் வாங்கிக்கொண்டு முக்கால் டம்ளர் கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். கூட்ட நேரத்தில் இரண்டாம் டிகாக்‌ஷனைத் தள்ளிவிட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடும். டம்ளர் கழுவ ஆள் வைக்காமல் காகிதக் கப்பில் ஊற்றுகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை இருக்கிறது. இதை எல்லாம் தட்டிக்கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முதலாளியிடம் கேட்க வேண்டும்.

குளுகுளு வசதி செய்த பெரிய காபி கடையில் ஒரு காபிக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வாய் மூடிக் காத்திருப்பவர் உண்டு. அதே ஆள்தான் தெருமுனைக் கடையில் 2 நிமிடம் தாமதம் ஆனால் "டேய் பையா!" என்று சத்தம் போடுகிறார். அந்தப் 'பையா'வுக்குத் தலை நரைத்து இருக்கும்!

டீக்கடை, ஓட்டல்களில் 14 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை வேலைக்கு வைக்க 2006-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தடை வந்தது. 2016-ம் ஆண்டு அந்தத் தடை எல்லாத் தொழில்களுக்கும் வந்தது. கடையில் பையன் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. வாயில் இருந்து மட்டும் அந்தச் சொல் போகவில்லை.

1957-ம் ஆண்டு பாடம்

காபி கடைத் தொழிலாளிக்கு மரியாதை கொடுத்தால் கடை நடக்காது என்பவர்கள் ஒரு பழைய கதையை நினைத்துப் பார்க்கலாம். காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்டு தலைவர் ஏ.கே.கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957-ம் ஆண்டு முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' என்ற பெயரில் அவர்களே கடை நடத்தினார்கள். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்தான் அங்கே பங்குதாரர். கேரளாவில் அந்தக் கடைகள் இன்றும் நடக்கின்றன.

எல்லாக் கடையும் கூட்டுறவு ஆக முடியாது. ஆனால் பரிமாறுபவருக்குக் கடை தன்னுடையது என்ற எண்ணம் இருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வருவார் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

என்ன வழி?

வாரம் ஒரு நாள் லீவு. பகலில் ஆள் மாற்றி வேலை. உட்கார ஒரு முக்காலி. அடுத்த முறை விலை ஏறும்போது, ஏறுகிற 5 ரூபாயில் 1 ரூபாயாவது கூலிக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கு. 400 காபி விற்கும் கடையில் அது நாளைக்கு 400 ரூபாய். மாஸ்டர் ஓடிப்போன பிறகு இழக்கும் வாடிக்கையை விட இது மலிவு.

20 ரூபாய் கொடுத்தவர் 5 நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார். அந்தக் காபியைப் போட்டவர் காலை 4 மணியில் இருந்து நிற்கிறார்.

காபி விலை அடுத்த முறையும் ஏறத்தான் போகிறது. அதற்குள் அவரை ஒரு முறையாவது உட்கார வைப்பார்களா?