அஞ்சு வருஷம் பேசாத மருந்து!

தீபாவளி லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் போனேன். கையில அழுக்குத் துணி மூட்டை, மூக்குல ஜலதோஷம். மூட்டையை அம்மாகிட்ட கொடுத்தேன். ஜலதோஷத்தை ஆச்சிக்குக் கொடுத்துட்டேன். எனக்கு மூணே நாள்ல சரியாயிடுச்சு. 74 வயசு ஆச்சிக்கு ஆஸ்பத்திரியில ஒரு வாரம். 'ஃப்ளூ'ன்னார் டாக்டர். ராத்திரி கட்டில் பக்கத்துல உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டப்போ வந்த பயம் இருக்கே... செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

இதுல என்ன கொடுமைன்னா, ஆச்சி போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்டவங்க. உடம்பு தேறினதும், "இந்த வருஷ ஊசி போடப் போவோமா ஆச்சி?"ன்னேன். "ஏல, போட்டும் வந்துச்சுல்லா? பொறவு எதுக்குல அது?"ன்னு ஒரே போடு!

நியாயமான கேள்விதானே பாஸ்? பதில் தேடப் போய்த்தான் காந்தா சுப்பாராவ் மாட்டினார். வேலூர் சி.எம்.சி.யில எம்.பி.பி.எஸ். முடிச்சவர். 1997-ல ஹாங்காங்ல ஒரு 3 வயசுக் குழந்தை காய்ச்சல்ல இறந்துபோச்சு. கோழிகளை மட்டுமே தாக்கும்னு நம்பிக்கிட்டிருந்த ஹெச்5என்1 வைரஸ்தான் காரணம். அந்த வருஷம் அங்கே 18 பேருக்கு வந்து, 6 பேர் இறந்தாங்க. அட்லாண்டா ஆய்வகத்துல அந்த வைரஸை அலசின டீம்ல காந்தாவும் ஒருத்தர். 1998-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த கட்டுரையில முதல் பேரே அவருதுதான்!

அப்புறம் அமெரிக்காவோட தேசிய சுகாதாரக் கழகத்துல, அந்த வைரஸுக்கு மூக்குல விடுற மருந்து தயாரிக்க இறங்கினார். ஃப்ளூ வைரஸுக்கு மொத்தம் 8 மரபணுத் துண்டு. அதுல 6 துண்டை, குளிர்ல மட்டும் நல்லா வளர்ற ஒரு சாது வைரஸ்கிட்ட இருந்து எடுத்தாங்க. மேல் சட்டையைத் தீர்மானிக்கிற 2 துண்டு மட்டும் ஹெச்5என்1-ஓடது. அதுலயும் விஷப் பல்லைப் பிடுங்கியாச்சு. (நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரிதான். 6 சாப்டர் சீனியர்கிட்ட சுட்டது, 2 சாப்டர் சொந்தம்!)

ஆட்களுக்குக் கொடுத்துட்டு ரத்தத்தைச் சோதிச்சா, எதிர்ப்பொருள், அதாங்க ஆன்டிபாடி, கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. ஃபெயில்! யாரா இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பாங்க. ஆனா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர்களும் காந்தாவும் சேர்ந்து, ஏறக்குறைய 5 வருஷம் கழிச்சு அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. செத்த வைரஸ்ல செஞ்ச ஊசி, ஒண்ணே ஒண்ணு. எதிர்ப்பொருள் மளமளன்னு ஏறிச்சு! முன்னாடி மருந்தே எடுக்காதவங்களுக்கு ஒரே ஊசியில அப்படி ஏறலை. உடம்பு பாடத்தைக் கேட்டிருக்கு, பதில் மட்டும் சொல்லலை. இது 2014-ல வெளிவந்த ஆய்வு.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்லை. குமரகுருபரர் எங்க ஊர்ப் பிள்ளை. 5 வயசு வரைக்கும் வாயே திறக்கலையாம். திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனதும் கந்தர் கலிவெண்பா பாடினார்னு கதை சொல்வாங்க.

இதையே ஆச்சிகிட்ட எடுத்து விட்டேன். "அப்போ எனக்கும் உள்ளுக்குள்ள இருக்குல்லா? இன்னொண்ணு எதுக்கு?"ன்னு மடக்கிட்டாங்க. எனக்கு இது தேவைதான்! ஆச்சி போட்டது அந்த மூக்கு மருந்தும் இல்லை, அந்த வைரஸுக்கும் இல்லை. சாதாரண ஃப்ளூ வருஷா வருஷம் சட்டையை மாத்தும். பழைய சட்டையை அடையாளம் வெச்சிருக்கிற எதிர்ப்பொருள் முழிக்கும், அளவும் மாசக்கணக்குல குறையும். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும் கூடி, ஊசியில எந்த வைரஸைச் சேர்க்கணும்னு பரிந்துரைக்குது. அதுக்கு வேலை செய்ற மையங்கள்ல ஒண்ணு மெல்போர்ன்ல இருக்கு. 2016-ல அதுக்கு இயக்குநரா போனதும் காந்தாதான்.

ஊசி போட்டா காய்ச்சலே வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை. ஆனா வயசானவங்களுக்கு அது நிமோனியா வரைக்கும் போற ஆபத்தைக் குறைக்கும். இதைத்தான் ஆச்சிகிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்.

கடைசியா ஆச்சி கேட்டது: "கொண்டாந்தவன் நீ. நீ போட்டியால?"

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போறோம்.