மதுரை பாந்தர்ஸ்: ஊரில் மைதானம் வந்தாச்சு, அணி எப்போ வரும்?

சமயநல்லூரில் இருக்கும் ஒரு ரசிகர் மதுரை பாந்தர்ஸ் ஆட்டத்தை நேரில் பார்க்கணும்னு ஆசைப்பட்டால், இதுவரை அவர் மாவட்டம் தாண்டித்தான் போகணும். அவருக்கு இருப்பதிலேயே பக்கமான டிஎன்பிஎல் மைதானம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம். அது திண்டுக்கல் டிராகன்ஸின் கோட்டை. சொந்த ஊர் அணிக்குக் கைதட்ட, எதிரணியின் ஊரில், எதிரணியின் கூட்டத்துக்கு நடுவில் உட்காரணும். ஆட்டம் முடிய ராத்திரி 11 மணி ஆகிவிடும். பைக் இல்லாதவர் அதுக்கப்புறம் வீடு திரும்புவது தனிக்கதை.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியது. முதல் சீசனிலிருந்தே மதுரை பேரில் ஒரு அணி இருக்கிறது. ஆனா அந்த அணி மதுரையில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. காரணம் சிம்பிள்: ஆட மைதானம் இல்ல.

அந்தக் காரணம் 2025 அக்டோபர் 9-ம் தேதியோடு முடிந்துவிட்டது. மதுரை ரிங் ரோட்டில், சிந்தாமணி பக்கத்தில் வேலம்மாள் கல்வி அறக்கட்டளை கட்டிய கிரிக்கெட் மைதானத்தை அன்று தோனி திறந்துவைத்தார். இனி கேள்வி வேற. மைதானம் இருக்கு, அணி இருக்கு. இரண்டும் எப்போ சந்திக்கும்? சந்தித்தால் மட்டும் போதுமா?

அதுக்கு முன்னால், கடந்த சீசனில் இந்த அணி எப்படி ஆடியது என்பதைப் பார்த்துவிடலாம்.

2025-ல் எங்கே சறுக்கியது?

ஒரே வரியில் சொன்னால், ப்ளேஆஃபுக்குள் வரல. 2024-லும் வரல. கேப்டன் என்.எஸ்.சதுர்வேத் தலைமையில் இறங்கிய அணி, சேப்பாக், திருப்பூர், திண்டுக்கல், திருச்சி ஆகிய 4 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போனதை வெளியிலிருந்துதான் பார்த்தது.

சீசனின் போக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் போதும். ஜூன் 14, சேலம். எதிரணி திண்டுக்கல். மதுரை முதலில் ஆடி 20 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 150 ரன் எடுத்தது. டி20-யில் 150 மோசமான ஸ்கோர் இல்ல, ஆனா நிம்மதியா தூங்கவிடும் ஸ்கோரும் இல்ல. திண்டுக்கல் அதை 12.3 ஓவரில், ஒரே ஒரு விக்கெட்டை இழந்து முடித்துவிட்டது. தொடக்க வீரர் ஷிவம் சிங் ஆட்டமிழக்காமல் 86, கேப்டன் அஸ்வின் 29 பந்தில் 49.

தோல்வி என்றால் 2 புள்ளி போச்சு, அவ்வளவுதானே என்று தோணலாம். இல்ல. இங்கேதான் நெட் ரன் ரேட் உள்ளே வருகிறது. மதுரை ஓவருக்கு 7.5 ரன் எடுத்தது. திண்டுக்கல் ஓவருக்கு 12-க்கு மேல் எடுத்தது. டிஎன்பிஎல்-லில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் 7 ஆட்டம்தான். ஒரு பேச்சுக்கு, மற்ற 6 ஆட்டங்களிலும் இரு அணிகளும் 20 ஓவருக்குத் தலா 160 எடுத்து சமமாக முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் இந்த ஒரு ராத்திரி மட்டும் அணியை மைனஸ் 0.45 பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஐபிஎல் மாதிரி 14 ஆட்டம் இருந்தால் தேற்றிக்கொள்ள நேரம் இருக்கும். 7 ஆட்டத்தில் ஒரு மோசமான வாரம் வந்தால் சீசனே காலி.

அந்த ஆட்டம் களத்தோடு முடியவில்லை என்பதுதான் இன்னும் வருத்தம். திண்டுக்கல் அணி ரசாயனம் தடவிய துண்டால் பந்தைத் துடைத்தது, அதனால் பந்து கனமாகிவிட்டது என்று மதுரை நிர்வாகம் புகார் கொடுத்தது. துண்டுகள் இரு அணிக்கும் பொதுவாக வழங்கப்பட்டவை, நடுவர்கள் கண்முன்னால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்ன லீக் நிர்வாகம், ஆதாரம் இருந்தால் கொடுங்கள் என்று கெடு வைத்தது. கடைசியில் புகாருக்கு அடிப்படை இல்லை என்று நிராகரித்துவிட்டது. பந்து கனமாகிவிட்டது என்று புகார் வந்த அதே ஆட்டத்தில், திண்டுக்கல் அந்தப் பந்தில் எடுத்தது ஓவருக்கு 12 ரன் இல்ல, அது மதுரை வீசிய பந்தில். இந்தக் குழப்பத்தையே சமூக வலைதளம் ஒரு வாரம் பேசியது. மதுரை அணியின் பெயர் அந்த சீசனில் இந்திய அளவில் அடிபட்டது, ஆட்டத்துக்காக இல்ல, துண்டுக்காக.

திண்டுக்கல் மதுரைக்கு எப்போதுமே ஒரு முள்தான். 2023-ல் மதுரையின் முருகன் அஸ்வின் பின்னோக்கி ஓடிப் பாய்ந்து பிடித்த கேட்ச் உலகம் பூரா சுற்றிவந்தது, நினைவிருக்கும். அந்த ஆட்டத்திலும் ஜெயித்தது திண்டுக்கல்.

ஒரே ஒரு முறை கணக்கு திரும்பியது

2018 ஆகஸ்ட் 12, சேப்பாக்கம், இறுதி ஆட்டம். திண்டுக்கல் 117-க்கு ஆல் அவுட். சின்ன இலக்குதான், ஆனா மதுரை இறங்கியதுமே 3 விக்கெட் சரிந்தது. ஸ்கோர்போர்டில் ரன் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத நிலை. அங்கிருந்து அருண் கார்த்திக் 75, ஷிஜித் சந்திரன் 38, இருவரும் ஆட்டமிழக்காமல் கொண்டுபோய் 7 விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையைக் கொடுத்தார்கள். மதுரையின் ஒரே கோப்பை இன்றுவரை அதுதான். அதுக்கப்புறம் 2019, 2022, 2023 ஆண்டுகளில் ப்ளேஆஃப் வரை போனது. 2023 எலிமினேட்டரில் நெல்லையின் 211 ரன்னைத் துரத்தி 4 ரன்னில் தோற்றது. இறுதி ஆட்டம் மறுபடி எட்டவே இல்ல.

2018-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. கோப்பையைவிட அதுதான் பெரிது என்றுகூட சொல்லலாம். கட்டடக்கலை படித்து, அந்த வேலையை விட்டுவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிய ஒரு ஸ்பின்னர் அந்த சீசனில் மதுரைக்காக ஆடினார். ரன்னே கொடுக்கல. அந்த ஆண்டு டிசம்பரில் ஐபிஎல் ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 8.4 கோடிக்கு. வருண் சக்கரவர்த்தி. 2025-ல் இந்தியா சாம்பியன்ஸ் டிராபி வென்ற அணியில் இருந்தவர், அதே ஆண்டு டி20 பவுலர் தரவரிசையில் உலக நம்பர் 1 ஆனவர். டிஎன்பிஎல்-லில் பின்னாளில் அவர் ஆடியது எந்த அணிக்கு? வேற யாரு, திண்டுக்கல்.

இதில் மதுரை நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. லீக்கின் அமைப்பே அப்படி. 2023-லிருந்து டிஎன்பிஎல்-லில் ஏலம் வந்துவிட்டது. ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கும் தொகை ஒரு கோடிக்குள்தான். சாய் சுதர்சனை 2023-ல் கோவை 21.60 லட்சத்துக்கு எடுத்தது, 2025-ல் எம்.முகமதுவை சேலம் 18.40 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு பெரிய பெயருக்கு இவ்வளவு போனால், மீதிப் பணத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்களை நிரப்பணும். அதனால் எல்லா அணியுமே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கலைந்து மறுபடி சேருகிறது. 2022-ல் பகிர்ந்த கோப்பை, 2023-ல் முழுக் கோப்பை என்று ஆண்ட கோவை, 2025-ல் ப்ளேஆஃபையே எட்டல. மதுரைக்கு இது நல்ல சேதிதான். இங்கே மேலே போகவும் ஒரு ஏலம் போதும்.

அப்போ சொந்த மைதானம் கோப்பை வாங்கித் தருமா?

நேர்மையான பதில்: தராது. 2025 சாம்பியன் திருப்பூர் தமிழன்ஸ். அவர்களுக்கும் சொந்த ஊரில் மைதானம் இல்ல. இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை, அதுவும் திண்டுக்கல்லின் சொந்த மைதானத்திலேயே, 118 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள். அமித் சாத்விக், துஷார் ரஹேஜா என்று சீசன் பூரா நிலைத்து நின்ற ஒரு தொடக்க ஜோடி அவர்களிடம் இருந்தது. சாய் கிஷோர் மாதிரி ஒரு கேப்டன் இருந்தார். மதுரைக்கு உடனடித் தேவை அந்த மாதிரி ஒரு தொடக்க ஜோடி. 150 எடுத்த இடத்தில் 180 எடுக்கணும். வேகப்பந்தில் குர்ஜப்னீத் சிங் மாதிரி, சென்னை சூப்பர் கிங்ஸ் 2.2 கோடி கொடுத்து எடுத்த இடதுகை வீரர் இந்த அணியில் ஆடியிருக்கிறார். பந்துவீச்சில் பெரிய பஞ்சமில்ல. பஞ்சம் முதல் 6 ஓவர் பேட்டிங்கில்.

இன்னொரு பக்கம், டிஎன்பிஎல் முழுமையான 'ஹோம், அவே' முறையில் நடப்பதில்ல. சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஒரு ஊரில் ஒரு வாரம், அப்புறம் அடுத்த ஊர். 8 அணிகளும் சேர்ந்தே நகரும். 2025-ல் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என 4 ஊர்கள். சென்னையில் ஒரு ஆட்டம்கூட இல்ல. ஆனா சேப்பாக் லீக் சுற்றில் 7-க்கு 7 ஜெயித்தது. அதனால் சிந்தாமணி மைதானம் அடுத்த சீசன் அட்டவணையில் வந்தாலும், மதுரை அங்கே ஆடப்போவது இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆட்டம்.

பின்ன எதுக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு? புள்ளிப் பட்டியலுக்காக இல்ல, ஊருக்காக.

2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு சேர்த்து மதுரையிலும் நடந்தது. டிசம்பர் 2-ம் தேதி இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான். ஹாக்கி ஸ்டிக்கைக் கையில் தொடாத ஊர்க்காரர்களும் அதைப் போய்ப் பார்த்தார்கள். கூட்டம் வருமா என்ற சந்தேகம் மதுரையைப் பொறுத்தவரை வேண்டாம்.

சிந்தாமணி மைதானம் 11.5 ஏக்கர். முதல் கட்டமாக 7,300 பேர் உட்காரலாம், பிறகு 20,000 வரை விரிவாக்கத் திட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஐபிஎல்-க்கு இது சின்னது. டிஎன்பிஎல்-க்கு ரொம்பச் சரியான அளவு. 7,000 பேர் நிரம்பினால் டிவியில் பார்க்கவே வேற மாதிரி இருக்கும். வானிலையும் ஒத்துழைக்கும். லீக் நடப்பது ஜூன், ஜூலையில். மதுரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனி மாதத்தில் காற்றுதான் பலமா அடிக்கும், அதைத் தூக்கி அடிக்கும் பேட்ஸ்மேன்கள் பார்த்துக்கொள்ளணும்.

ஆனா சில வேலைகள் பாக்கி. மைதானம் ஒரு தனியார் அறக்கட்டளையுடையது. அணியின் உரிமையாளர் வேறு. அட்டவணை போடுவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். மூன்று தரப்பும் ஒத்துப்போனால்தான் ஆட்டம். புது ஆடுகளம் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் யாருக்கும் தெரியாது, அதனால் லீக்குக்கு முன்னால் உள்ளூர் டிவிஷன் ஆட்டங்களை அங்கே நிறைய நடத்தினால்தான் பிட்ச் பழகும்.

அப்புறம் போக்குவரத்து. சமயநல்லூர்க்காரர் நான்குவழிச் சாலையில் துவரிமான், நாகமலை புதுக்கோட்டை வழியாகக் கப்பலூர் போய், ரிங் ரோட்டைப் பிடித்தால் சிந்தாமணி. வண்டி இருந்தால் சிரமமே இல்ல. இல்லாதவருக்கு ராத்திரி 11 மணிக்கு ரிங் ரோட்டிலிருந்து பெரியார் நிலையமோ மாட்டுத்தாவணியோ போய்ச் சேர ஒரு பஸ் வேணும். ஆட்ட நாள்களில் சிறப்புப் பேருந்து விடுவது பெரிய செலவில்ல, ஆனா யாராவது முன்கூட்டியே கேட்டு வாங்கணும். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஜல்லிக்கட்டு அரங்கத்தை ஊர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது. கட்டடம் பிரமாதம், கலகலப்பாக இருக்கும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அணிப் பட்டியல். டிஎன்பிஎல் தொடங்கியபோது சொன்ன காரணமே, சென்னையைத் தாண்டி மாவட்டத்துப் பசங்களைக் கண்டெடுப்பதுதான். ஏலம் வந்தபிறகு எந்த ஊர்ப் பையனும் எந்த அணிக்கும் போகலாம். அது வீரருக்கு நல்லது. ஆனா மதுரை என்று சட்டையில் எழுதிய அணியில் வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பெயர் ஒன்றாவது இருக்கா என்று ரசிகன் தேடுவதும் நியாயம்தான். இதுவரை அந்தப் பசங்க பயிற்சிக்குப் புல்வெளி மைதானம் தேடியே அலைந்தார்கள். இப்போ ரிங் ரோட்டில் ஒன்று இருக்கிறது. ஆனா அது யாருக்கு, எந்தக் கட்டணத்தில், எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வருண் இந்த மண்ணிலிருந்து வருவாரா என்று சொல்ல முடியும்.

அடுத்த ஏலத்தில் மதுரை யாரைத் தக்கவைக்கிறது, தொடக்க ஜோடிக்கு யாரை எடுக்கிறது என்பது முதலில் தெரியவரும். அட்டவணை அதுக்குப் பின்னால் வரும். அதில் மதுரை என்ற பெயர் இரண்டு இடத்தில் இருக்கணும்: அணிகள் வரிசையில் ஒன்று, மைதானங்கள் வரிசையில் ஒன்று.